நோயாளியாக நடிப்போர்

1911-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மருத்துவமனையில் தாதித் தொழில் பயின்ற பெண்களுக்கு ஒரு பொம்மை துணையாக வந்து சேர்ந்தது. 'திருமதி சேஸ்' என்று அதற்குப் பெயர். ஆள் உயரம், கைகால்கள் மடங்கும். படுக்கையில் புரட்டவும், உடை மாற்றவும் அது இடங்கொடுத்தது. ஆனால், புரட்டிய கை முரட்டுக் கை என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

அந்த வாயைத் தேடித் தந்தவர் ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர். அவர் இளைஞராயிருந்தபோது, பரீட்சை எழுத வந்த மருத்துவர் பலர் உண்மையான நோயாளி ஒருவரைச் சோதித்துச் சென்றனர். அவர்களுள் ஒருவர் கடுமையாக நடந்துகொண்டதால், அவருக்கு மட்டும் நோய்க்குறிகளை மாற்றிக் காட்டிவிட்டதாக அந்நோயாளி பின்னர் கூறினாராம். நடத்தையை அளக்க வல்லவர் படுத்திருப்பவரே என்பது பாரோஸுக்குப் புலனாயிற்று. 1963-இல், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், ஓவியர்களுக்கு மாதிரியாக நின்று வந்த, உடல்நலமுள்ள ஒரு பெண்மணியைக் கால் விளங்காத நோயாளியாக நடிக்கப் பழக்கினார். பலர் எள்ளி நகையாடினர். எனினும் இன்று பல நாடுகளில் தாதியர் கல்லூரிகளும் இம்முறையைக் கையாள்கின்றன.

இதில் என்ன சிரமம் என்று நேயர்கள் வினவலாம். மேடை நடிகருக்கு வசனம் உண்டு. இவருக்கு ஒரு வரலாற்றுத் தாள் மட்டுமே உண்டு. வயது, குடும்பம், அச்சம், கேட்டாலன்றிச் சொல்லக் கூடாத ஒரு செய்தி ஆகியவை அதில் இருக்கும். தேர்வென்றால், எட்டு மாணவியர் வந்தால் எட்டு முறையும் ஒரே அளவு கலங்க வேண்டும். ஒருத்திக்குக் கூடவோ மற்றொருத்திக்குக் குறையவோ கூடாது. குழந்தையை இழந்த தாயாகக் காலை முழுதும் அழுதவருக்கு, அது நடிப்பென்று அறிவு அறியும், உடல் அறிவதில்லை. தலைவலியும் சோர்வும் வீடுவரை உடன் வருவதுண்டு. ஆகவே, முடிந்தபின் மருத்துவமனை உடையைக் களைந்து, தம் சொந்தப் பெயரைச் சொல்லி, தம் வீட்டுச் செய்தி ஏதேனும் பேசி, வேடத்திலிருந்து வெளியே வரச் செய்கின்றனர். அதே துயரை வாழ்வில் பட்டவர் அந்த வேடத்தை மறுக்க உரிமை வேண்டும். இதை அலட்சியம் செய்யும் பயிற்சிக்கூடம் நோயாளியைப் பேணக் கற்பிக்கத் தகுதியுடையதன்று என்பது நம் கருத்து.

நடிப்பைவிட அரிது, பிறகு கருத்துச் சொல்லுவது. "நீ தவறு செய்தாய்" என்று சொல்லலாகாது. "நீ கடிகாரத்தைப் பார்த்தாய், என் பயத்தைச் சொல்ல வந்த நான் நிறுத்திக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். கேட்கும் இளம்பெண்ணின் முகம் வாடும். அப்பொழுது அவளைத் தேற்றத் துடிக்கும் மனத்தை அடக்குவதே கடினம் என்பர் இத்தொழிலில் பழகியோர். தேற்றிவிட்டால் அவள் கடிகாரத்தை மறந்துவிடுவாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் படுக்கையில் சாய்கிறார் நடிகை. கதவருகே அடுத்த மாணவி காத்திருக்கிறாள்.