பானைக்குள் போகாத பெயர்கள்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுச்செட்டிசத்திரம் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்ததாகச் சொல்லப்படும் தலம். இளம் வயதில் ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் படித்ததும் இங்கேதான் என்பார்கள். குரு சொன்ன விளக்கம் சரியில்லை என்று பட்டபோது மாணவர் பேசாமல் இருக்கவில்லை, மறுத்தார். அதற்காகக் காசி யாத்திரை என்று கூட்டிப்போய்க் கங்கையில் தள்ளத் திட்டம் போட்டார்களாம். குருபரம்பரைக் கதை அப்படித்தான் சொல்கிறது.

பெரியவர் சொன்னதற்கு மறுப்புச் சொல்ல ஒரு தனி ஆளுக்கு உரிமை உண்டா? இன்றைக்கும் பல வீடுகளில் பதில் வராத கேள்வி இது.

அதே மாவட்டத்து உத்திரமேரூரில், ராமானுஜர் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே ஊர் நிர்வாகத்துக்கு விதி எழுதிக் கல்லில் வெட்டிவிட்டார்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. 30 குடும்புகள், தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. (இந்த ஒரு விதி இன்று இருந்தால் எத்தனை பேர் தேறுவார்கள்!) ஆனால் இது வாக்குப்பதிவு இல்லை, குலுக்கல். கால் வேலி நிலம், சொந்த மனை, 35-லிருந்து 70 வயது, வேதப் படிப்பு... இத்தனையும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். உழுதவர் பெயரோ, பெண்ணின் பெயரோ அந்தக் குடத்துக்குள் போகவில்லை.

பெயர் எழுதுவதே பெரிய விஷயம்தான். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய மகள்’ என்றே பதிந்தார்கள். சுமார் 28 லட்சம் பெண்கள் அதனாலேயே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அரசியல் சாசனம் கொடுத்த ஓட்டு, வீட்டு வாசலிலேயே நின்றுபோனது.

இப்போது பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமே வந்துவிட்டது. இருந்தும் சில ஊர்களில் ‘தலைவரம்மா வீட்டுக்காரர்’தான் தலைவர் நாற்காலியில் உட்காருகிறார். தேர்தலுக்கு முந்தைய இரவு, “நம்ம வீட்ல அஞ்சு ஓட்டு” என்று கட்சிக்காரரிடம் மொத்தமாகப் பேசி முடிப்பவரும் அவரைப் போன்ற ஒருவர்தான்.

யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-வது பிரிவு. சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. நீதிமன்றத்தில் சொல்ல வேண்டாததைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வாக்குச்சாவடியில் அட்டை மறைப்புக்குப் பின்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம். வெளியே வந்ததும், “நம்ம சின்னத்துலதானே போட்ட?” என்று மாமியார் கேட்பார்.

“போட்டாச்சு அத்தை” என்று மட்டும் சொல்லிவிட்டு, விரல் மையை ஊதிக்கொண்டே நடக்கும் மருமகள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.