வீட்டில் தோட்டா நிரப்பாதீர்கள்

செம்பனை மறுநடவு நடக்கும் கெடா தோட்டங்களில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு புகுந்தால் இளங்கன்றுகள் வரிசை வரிசையாகப் போய்விடும். நட்டமும் உண்மை, கோபமும் நியாயம். அந்தக் கோபத்தில்தான் சிலர் சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைச் சேர்த்துவைத்து, வீட்டிலேயே மருந்து நிரப்பிப் பார்க்கத் துணிகிறார்கள். காணொளியில் ஓர் அமெரிக்கர் ரைஃபிள் கூட்டைத் தட்டித் தட்டி மருந்தைப் படியவைப்பதைப் பார்த்தால் அது எளிய கைத்தொழில் போலத் தெரியும். அவர் நாட்டுச் சட்டம் வேறு. இங்கே அந்த மருந்தும் கூடும் தராசும் குற்ற வழக்கில் சாட்சிப் பொருள்கள்.

துப்பாக்கிக்கு லைசன்ஸ் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டாவும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது என்பதையும், துப்பாக்கி வைத்திருக்கக் கிடைத்த லைசன்ஸ் தோட்டா தயாரிக்கும் லைசன்ஸ் ஆகாது என்பதையும்தான் மறந்துவிடுகிறார்கள். லைசன்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். தயாரிப்பு அதைவிடப் பெரிய குற்றம். வெடிமருந்துக்கு 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது. அந்தத் தோட்டாவைப் போட்டுச் சுட ஒரு நாட்டுத் துப்பாக்கியும் வீட்டில் இருந்தால் 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் பாயும்: 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. ‘ஒன்றே ஒன்றுதானே’ என்ற சமாதானம் எடுபடாது. ஒரு தோட்டாவும் தோட்டாதான்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இந்த வேலை கையை விழுங்கக்கூடியது. கூட்டைத் தட்டினால் மருந்துத் துகள்கள் நெருங்கிப் படிகின்றன, மேலே கொஞ்சம் இடம் கிடைக்கிறது. எடை மாறாதவரை தட்டுவதில் பெரிய கேடில்லை. இடம் இருக்கிறதே என்று இன்னும் சிறிது சேர்ப்பதில்தான் ஆபத்து. கரண்டியால் அளப்பவருக்குத் தான் சேர்த்தது தெரியவே தெரியாது. ஒரே கரண்டி, மருந்து எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு எடை காட்டும். மருந்து சற்றே கூடினாலும் அழுத்தம் அதே அளவில் கூடுவதில்லை, செங்குத்தாக ஏறுகிறது. கார் டயரில் இருப்பது சதுர அங்குலத்துக்குச் சுமார் 32 பவுண்டு அழுத்தம். பாயின்ட் 308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவுக்கு வகுத்த உச்ச வரம்பு 62,000 பவுண்டு. தோட்டங்களில் பன்றிக்குப் பயன்படும் 12 போர் துப்பாக்கிக்கு வரம்பு 11,500 மட்டுமே. ரைஃபிளுக்குச் சொன்ன அளவையோ மருந்தையோ இதில் போட்டால் குழல் பிளந்து சுடுபவரின் முகத்துக்கே வரலாம். பட்டாசு மருந்தும் தீக்குச்சி மருந்தும் இன்னும் மோசம்; உரசலிலேயே பற்றிக்கொள்ளும். அவற்றைக் கூட்டில் போட்டு அழுத்துவது பற்றி நினைக்கக்கூட வேண்டாம்.

சிக்கிக்கொள்பவர்கள் நிரப்பியவர்கள் மட்டும் இல்லை. தகப்பனார் லைசன்ஸோடு வைத்திருந்தார், காலமானார், துப்பாக்கியும் அரைப்பெட்டித் தோட்டாவும் அலமாரி மேலே கிடக்கின்றன. லயத்தைக் காலி செய்யும்போதுதான் கண்ணில் படுகின்றன. லைசன்ஸ் ஆளுக்குரியது, சொத்துபோல வாரிசுக்கு இறங்காது. இந்த நிலையில் பலரும் செய்வது மூன்று தவறுகளில் ஒன்று: ஆற்றில் எறிகிறார்கள், குப்பையோடு எரிக்கிறார்கள், அல்லது மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குக் கிளம்புகிறார்கள். மூன்றாவது நல்லெண்ணம்தான். ஆனால் வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தினால் கையில் இருப்பது லைசன்ஸ் இல்லாத ஆயுதம். எடுத்துச் செல்லாதீர்கள். இருக்கும் இடத்திலேயே தொடாமல் விட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ 999-க்கோ அழைத்து, வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழையும் பழைய லைசன்ஸையும் தயாராக வையுங்கள். போலீஸ் ரிப்போர்ட் செய்து அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை தோட்டா, துப்பாக்கியின் வரிசை எண் என்ன என்று எழுதிய ஒப்படைப்பு ரசீது இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். பீடோங், சுங்கை பட்டாணிக்காரர்களுக்குக் கோல மூடா மாவட்டப் போலீஸ் தலைமையகம். லூனாஸ், பாடாங் செராய்க்குக் கூலிம். துப்பாக்கியைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்புகிற மகன் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். லைசன்ஸ் வழங்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருக்கு; விண்ணப்பம் மாவட்டத் தலைமையகம் வழியாகப் போகும். பதில் வரும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது.

‘ஒப்படைக்கப் போனால் நம்மையே உள்ளே தள்ளிவிடுவார்கள்’ என்ற அச்சம் வெறும் கற்பனையில்லை. தானாக வந்து சொல்பவரைக் குற்றவாளிபோல விசாரிக்கும் அதிகாரி, அடுத்த பத்துப் பேரை ஆற்றங்கரைக்குத்தான் அனுப்புகிறார். தீபாவளிக்கு முன் பட்டாசு எச்சரிக்கை விடுவதில் உள்ள வேகத்தில் பாதியைக் காட்டி, போலீஸ் இந்த விதிகளைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துத் தோட்ட அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கலாம். ஆனாலும், சோதனையில் பிடிபட்ட பின் சொல்லும் விளக்கத்தைவிட முன்பே செய்த ரிப்போர்ட்டுக்குத்தான் மதிப்பு. பயமிருந்தால் முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள், பிறகு அழையுங்கள்.

பன்றித் தொல்லைக்கும் வழி இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை வேட்டையாடவும் லைசன்ஸ் தேவை. சேதத்தைப் படமெடுத்து, தேதியும் நிலத்தின் லாட் எண்ணும் குறித்து, தோட்ட நிர்வாகத்தின் மூலமோ நேரடியாகவோ வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழிப் புகாருக்குக் கோப்பு எண் கிடையாது.

ஒருவேளை கைதாகிவிட்டால்: உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். வாக்குமூலம் மலாயில் எழுதப்பட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், தேசியச் சட்ட உதவி அறவாரியமான ஒய்பிஜிகே கைது, தடுப்புக்காவல், ஜாமீன் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு உதவுகிறது. அந்தப் பெயரைக் காவலில் இருக்கும் இடத்திலேயே கேளுங்கள், ரிமாண்டுக்குக் கொண்டுபோகும் முன்பே.