குழந்தையின் கண்மட்டம்

கொரோனா நோய் உலகை உலுக்கிய காலம். மூடிக்கிடந்த பாலர் பாடசாலைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. நாலு வயதுப் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருநாட் காலை அவனுடைய பாடசாலை வாயிலில் நின்றேன். அங்கே இரும்புக் குழாயாற் செய்த ஒரு தாங்கி. அதன் தலைப்பில் ஒரு போத்தல். அடியில் காலால் அழுத்தும் ஒரு மிதி. மிதித்தால் மேலிருந்து தொற்றுநீக்கித் திரவம் பீறிட்டு வரும். பெரியவர்கள் வரிசையாக வந்தார்கள், மிதித்தார்கள், கைகளைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

"அம்மப்பா, நான்தான் மிதிப்பன்" என்று பேரன் என் கையை உதறிக்கொண்டு ஓடினான், மிதித்தான். என்னதான் வருகிறதென்று பார்க்கும் ஆவலிலே கையை நீட்ட மறந்து முகத்தை நீட்டினான். திரவம் அவன் புருவத்தின்மேல் விழுந்தது. ஒரு விரற்கடை கீழே விழுந்திருந்தால் கண். ஆசிரியை ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். "கண் எரியுதோ ராசா?" என்று கேட்டுக் கேட்டு முகத்தைக் கழுவினார். அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. எனக்குத்தான் அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

அந்தத் தாங்கி யாருடைய அளவுக்குச் செய்யப்பட்டது? வளர்ந்த ஒருவர் குனியாமற் கைநீட்டுவதற்கு வாய்ப்பான உயரம் அது. அந்த உயரமே நாலு வயதுக் குழந்தைக்கு முகத்தின் உயரமாக இருக்கிறது. பெரியவரின் கைமட்டம் குழந்தையின் கண்மட்டம் ஆகிவிடுகிறது. இச்சிறு உண்மையை எண்ணிப் பாராமல், குழந்தைகளைக் காக்கவேண்டுமென்ற நல்ல நோக்கத்துடனேயே நாம் அவர்களுக்கு ஓர் ஆபத்தை அருகிற் கொண்டுவந்து வைத்துவிட்டோம். அதைப் பற்றித்தான் இங்கே சிறிது ஆராயவேண்டும்.

வைத்தியசாலையிற் பிறந்த பொருள்

சனிடைசர் என்று எல்லோரும் வழங்கும் கைத் தொற்றுநீக்கியைப் பழிப்பது என் நோக்கமன்று. அதன் வரலாறு பெருமைக்குரியது. கையைத் தூய்மைசெய்தால் உயிர் பிழைக்கும் என்பதை உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. வியன்னாப் பொது வைத்தியசாலையிலே இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் மாணவர்களும் பணியாற்றினர், மற்றதில் மருத்துவச்சிகள். வைத்தியர்களின் விடுதியிலேயே தாய்மார் பெருந்தொகையாகக் காய்ச்சல் கண்டு மாண்டனர். பிணங்களை அறுத்துப் பரிசோதித்த கைகளோடு வைத்தியர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் கண்டார். 1847ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலிற் கைகழுவிய பின்னரே விடுதிக்குள் வரவேண்டும் என்று விதித்தார். ஏப்ரிலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் யூனில் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. ஆயினும் அக்கால வைத்திய உலகம் அவரை மதிக்கவில்லை. 1865இல் மனநோயாளர் விடுதியொன்றில் அவர் இறந்தார்.

மதுசாரம் கலந்த கைத் தொற்றுநீக்கியும் இந்த வழியில் வந்ததே. ஒரு தாதி ஒருநாளில் எத்தனையோ நோயாளரைத் தொடவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நீர்த்தொட்டிக்குச் சென்று சவர்க்காரமிட்டுக் கழுவ நேரம் ஏது? கட்டிலருகிலேயே ஒரு போத்தல் இருந்தால் அரை நிமிடத்திற் காரியம் முடியும். ஜெனீவாவின் பல்கலைக்கழக வைத்தியசாலைகளிலே டிடியே பித்தே என்னும் வைத்தியரின் குழுவினர் 1994இன் இறுதியிலிருந்து 1997 வரை இம்முறையைப் பரப்பினர். கைத்தூய்மை பேணல் 48 வீதத்திலிருந்து 66 வீதமாக உயர்ந்தது. வைத்தியசாலையிலே தொற்றிக்கொள்ளும் நோய்கள் 16.9 வீதத்திலிருந்து 9.9 வீதமாகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2009இல் இதற்குரிய கலவை முறையை எல்லா நாடுகளுக்கும் எடுத்துச் சொல்லிற்று: எதனோல் எனின் 80 வீதம், ஐசோபுரொப்பைல் மதுசாரம் எனின் 75 வீதம், கை வறளாதிருக்கச் சிறிது கிளிசரீன்.

மதுசாரத்தோடு நீர் ஏன் வேண்டும் என்று மாணவர் கேட்கலாம். மதுசாரம் கிருமியின் புரதங்களை நிலைகுலையச் செய்து அதனைக் கொல்லுகிறது. அந்த வேலைக்கு ஓரளவு நீரும் வேண்டும். ஆதலாற் கலப்பற்ற மதுசாரத்தை விட நீர் கலந்ததே வலிது.

இவ்வாறு பிறந்த பொருள் வளர்ந்தோரின் கைக்காக, பயிற்சி பெற்றோரின் கைக்காகப் பிறந்தது. கொரோனாக் காலம் அதை ஒரே வீச்சில் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கும் கடைக்கும் பாலர் பாடசாலைக்கும் கொண்டுவந்தது. பொருள் வந்தது, அதனோடு வரவேண்டிய ஒழுங்கு வரவில்லை.

கண்ணும் வாயும்

என் பேரனுக்கு நேரவிருந்தது எங்கோ ஒருமுறை நேரும் விபத்தென்று நினைத்திருந்தேன். பிரான்சு நாட்டின் கணக்கைப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. அந்நாட்டு நஞ்சுத் தடுப்பு நிலையங்களுக்கு அறிவிக்கப்பட்ட, குழந்தைகளின் கண்ணில் இரசாயனப் பொருள் பட்ட சம்பவங்களிலே, 2019 ஏப்ரில் முதல் ஆகத்து வரை 1.3 வீதமே கைத் தொற்றுநீக்கியால் நேர்ந்தவை. 2020இல் அதே மாதங்களில் அது 9.9 வீதமாயிற்று. பாரிஸ் நகரின் கண் வைத்தியசாலை ஒன்றில் 2019இல் ஒரு குழந்தை இக்காரணத்தால் அனுமதிக்கப்பட்டது. 2020இல் பதினாறு குழந்தைகள். அவர்களில் இருவருக்குச் சத்திரசிகிச்சையும் வேண்டியிருந்தது. கடைகளிலும் பொது இடங்களிலும் நிறுத்தப்பட்ட தாங்கிகள் சிறுவரின் முகமட்டத்தில் அமைந்திருந்தமையை அங்குள்ள வைத்தியர்கள் சுட்டிக்காட்டினர். செறிந்த மதுசாரம் விழியின் முன்புறத்துப் படலத்திலுள்ள உயிரணுக்களை அழித்துப் புண்ணாக்கவல்லது. பசைபோன்ற திரவமாயின் விரைவில் வழிந்தும் போகாது.

கண்ணுக்கு அடுத்தது வாய். குழந்தை உலகத்தை வாயாலே படிக்கிறது. கையில் அகப்பட்டதை வாயிலிட்டுப் பார்ப்பது அதன் குற்றமன்று, அதன் கல்வி. நாமோ இத்திரவத்தைச் சிவப்பும் நீலமுமாக நிறமூட்டி, பழவாசனை சேர்த்து, விளையாட்டுப் பொருள் போன்ற சிறு போத்தல்களில் அடைத்துப் புத்தகப் பையிலே தொங்கவிடுகிறோம். அதனுள் இருப்பது சாராயத்தில் உள்ளதைப்போல ஏறத்தாழ இருமடங்கு செறிந்த மதுசாரம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 கிலோ நிறையுள்ள ஒரு குழந்தை, 70 வீத எதனோல் உள்ள திரவத்தில் மூன்று தேக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர், விழுங்கிவிட்டதெனக் கொள்வோம். அதன் இரத்தத்தில் மதுசாரத்தின் அளவு நூறு மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். பெரியவரையே தள்ளாடவைக்கும் அளவு அது. குழந்தைக்கோ அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பட்டினி நேரத்துக்கென ஈரலிற் சேமித்து வைக்கப்படும் வெல்லச் சேமிப்புக் குழந்தைக்கு மிகக் குறைவு. புதிதாகக் குளுக்கோசை ஆக்கும் வேலையை மதுசாரம் தடுத்துவிடுகிறது. ஆகவே இரத்தத்தின் வெல்லம் சடுதியிற் குறைந்து, சோர்வும் மயக்கமும் வலிப்பும் உண்டாகலாம். மூச்சு மந்தமாகும், உடல் குளிரும். குழந்தை உறங்குகிறதென்று தாய் நினைத்துக்கொண்டிருப்பாள்.

அமெரிக்காவில் 2011 முதல் 2014 வரையான நான்கு ஆண்டுகளில், பன்னிரண்டு வயதுக்கு மேற்படாத சிறுவர் கைத் தொற்றுநீக்கியால் இடருற்ற சம்பவங்கள் 70,669 அந்நாட்டு நஞ்சுத் தடுப்பு நிலையங்களுக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை மதுசாரம் கலந்தவற்றால் நேர்ந்தவை. இடருற்றவரில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயதும் அதற்குக் கீழ்ப்பட்டவரும். பலருக்குப் பெருந்தீங்கு நேரவில்லை என்பது ஆறுதல். சிலர் நினைவிழந்தனர், சிலருக்கு வலிப்பு வந்தது என்பதையும் மறத்தலாகாது. இத்தனையும் கொரோனாவுக்கு முந்திய கணக்கு.

போத்தல் செய்யும் மயக்கம்

குழந்தைதான் அறியாமற் குடிக்கிறது என்று சொல்லித் தப்பிவிட முடியாது. 2021 சனவரி 31ஆந் திகதி, இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட பன்னிரண்டு குழந்தைகளுக்குப் போலியோச் சொட்டு மருந்துக்குப் பதிலாகக் கைத் தொற்றுநீக்கி வாயிற் சொட்டப்பட்டது. சொட்டியவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். குழந்தைகள் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர் தப்பினர். மருந்தும் தொற்றுநீக்கியும் ஒரே மேசையில் அருகருகே நின்றால், எழுத்தறிந்தவர்களின் கையும் தவறும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இப்பாடம் நம் நாட்டுக்குப் புதியதன்று. இலங்கைக் கிராமங்களிற் சின்னஞ்சிறு குழந்தைகள் தவறிக் குடிக்கும் பொருள்களிலே மண்ணெண்ணெய் நெடுங்காலமாக முன்னிற்பது. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயை வாங்கி அடுப்படியில் வைத்தோம். சோடாவைக் கண்ட குழந்தை சோடாவென்றே குடித்தது. குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. போத்தலின் உருவந்தான் தெரியும். இன்று பெரிய கொள்கலனில் வாங்கிய தொற்றுநீக்கியைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் வீடுகள் அதே பிழையைத்தான் மறுபடியும் செய்கின்றன.

போத்தலின் எழுத்தே பொய்யாவதும் உண்டு. 2020 மேயிலும் யூனிலும் அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிக்கோ மாநிலங்களிற் கைத் தொற்றுநீக்கியைக் குடித்த பதினைந்து பெரியவர்கள் மெதனோல் நஞ்சுக்கு ஆளாயினர், நால்வர் மாண்டனர், சிலர் பார்வை குன்றினர். எதனோல் இருக்கவேண்டிய இடத்தில் மெதனோல் கலந்திருந்தது. இதிற் சிறிதளவே ஒரு குழந்தையின் கண்ணையும் உயிரையும் பறிக்கப் போதும். மலிவென்று பெயரறியாப் பொருளை வாங்குவோர் இதனை எண்ணவேண்டும்.

அச்சத்துக்கும் ஓர் அளவு

இவ்வளவும் சொன்னதனால், தாய்மார் வீணே அஞ்சவேண்டும் என்பதன்று. "மருந்து பூசிய கையைப் பிள்ளை வாயில் வைத்துவிட்டதே" என்று கலங்குவோர் பலர். திரவம் முற்றாக உலரும்வரை, ஏறத்தாழ அரை நிமிடம், கையைத் தேய்த்தால் மதுசாரம் காற்றோடு போய்விடும். பின்னர் விரல் சூப்புவதால் நஞ்சேறாது. தவறி ஒருமுறை நக்கியதாலும் பெருங்கேடு வருவதில்லை. கேடு, போத்தல் குழந்தையின் கைக்குப் போகும்போதுதான்.

முறையாகப் பயன்படுத்தினால் நன்மையும் உண்டு. ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவிலே 24 குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில், மூன்று வயதுக்குட்பட்ட 911 குழந்தைகளிடையே நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. பெரியவர்களின் கண்காணிப்பில் கைத் தொற்றுநீக்கி பயன்படுத்திய நிலையங்களிற் சுவாச நோய்கள் குறைந்தன. சவர்க்காரம் பயன்படுத்திய நிலையங்களிலும் பார்க்கக் குறைந்தன. நேர்மையாக இதையும் சொல்லவேண்டும். ஆனால் அங்கே போத்தல் யாருடைய கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி, மண்ணளைந்த கைக்கு இத்திரவம் உதவாது. அழுக்கும் எண்ணெய்ப் பசையும் படிந்திருந்தால் மதுசாரம் கிருமியைச் சென்றடையாது. வாந்திபேதியை உண்டாக்கும் நோரோ வைரசு போன்ற சில கிருமிகள் இதற்கு எளிதில் மடிவதுமில்லை. நம் பிள்ளைகளோ மண்ணில் விளையாடும் பிள்ளைகள். அவர்களுக்குச் சவர்க்காரமும் ஓடும் நீருமே முதற்றுணை. சவர்க்காரத்தின் மூலக்கூறு ஒரு முனையால் நெய்யைப் பற்றும். மறுமுனையால் நீரைப் பற்றும். இடையில் அகப்பட்ட அழுக்கும் கிருமியும் நீரோடு போகும். வெளியே சென்று வந்தவர் கைகால் அலம்பாமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று கிணற்றடியில் வாளியோடு நின்ற நம் பாட்டிமாருக்கு இந்த இரசாயனம் தெரியாது; பயன் தெரிந்திருந்தது. தண்ணீருக்குத் தவிக்கும் தீவுப்பகுதிகளிலும் நெடும் பயணங்களிலும் தொற்றுநீக்கி உதவட்டும். தண்ணீர் உள்ள இடத்தில் அதற்கு இரண்டாம் இடமே உரியது.

செய்யவேண்டியவை சிலவே. போத்தலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மருந்துக்கும் உணவுக்கும் விலக்கி வைக்கவேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெரியவரே உள்ளங்கையில் அளந்து ஊற்றி, உலரும்வரை உடனிருக்கவேண்டும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகிற் பூசலாகாது. 80 வீத எதனோல் 17.5 பாகை வெப்பத்திலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். நம் வீடுகளோ எந்நாளும் அதனினும் வெப்பமானவை. கண்ணிற் பட்டால் உடனே சுத்தமான நீரைப் பதினைந்து நிமிடமாவது ஓடவிட்டுக் கழுவி, வைத்தியரிடம் செல்லவேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்தலாகாது. போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி வரும்.

சில நாட்களின் பின் அந்தப் பாலர் பாடசாலைக்கு மறுபடியும் போனேன். வாயிலிற் தாங்கியைக் காணவில்லை. அலுவலறைக்குள்ளே உயரமான தட்டொன்றில் போத்தல் இருந்தது. வெளியே, முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, புதிதாகப் பூட்டிய நான்கு நீர்க்குழாய்கள், பக்கத்திற் சவர்க்காரம். குழந்தைகள் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு கைகழுவினார்கள். பாட்டு முடிந்த பின்பே குழாயை மூடவேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம்.

இந்த மாற்றம் எப்படி வந்ததென்று ஆசிரியையைக் கேட்டேன்.

"அண்டைக்குப் பிள்ளையள் போன பிறகு, அந்தத் தாங்கிக்கு முன்னால முழங்காலில நிண்டு பாத்தன் ஐயா. போத்தலின்ர வாய் நேரே என்ர கண்ணுக்குத்தான் நிண்டது" என்றார்.

குழந்தைகளுக்காக எதையேனும் செய்யப் புறப்படுவோர் எல்லோரும் ஒருமுறை அப்படி முழங்காலிட்டுப் பார்ப்பது நல்லது.