எந்த அடுக்கு மேலே? உலாவிகள் பிரிந்த இடம்

இணையப் பக்கத்தில் ஒரு பட்டியல் விரியும்போதும் எச்சரிக்கைப் பெட்டி தோன்றும்போதும் அது மற்ற எழுத்துகளையும் படங்களையும் மறைத்துக்கொண்டு மேலே நிற்க வேண்டும். ஆனால் ஓர் உலாவியில் அவ்வாறு நின்ற பெட்டி மற்றோர் உலாவியில் அடியில் புதைந்துபோன நிலை பல ஆண்டுகள் நீடித்தது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் இரண்டாம் பதிப்பை டபிள்யூ3சி என்னும் வலைத்தர அமைப்பு 1998 மே மாதத்தில் பரிந்துரையாக வெளியிட்டபோதே, கூறுகளின் மேல்கீழ் வரிசையை எண்ணால் குறிக்கும் 'இசட்-இண்டெக்ஸ்' என்ற பண்பு அதில் இடம்பெற்றிருந்தது.

பெரிய எண்ணைப் பெற்ற கூறு மேலே வரும் என்பது பாதி உண்மையே. 'அடுக்குச் சூழல்' எனப்படும் ஒரு குழுவுக்குள் மட்டுமே இந்த எண்கள் ஒப்பிடப்படுகின்றன; ஆகவே ஒரு பெட்டிக்கு 9999 என்ற எண்ணைக் கொடுத்தாலும், அதைத் தாங்கும் தாய்க்கூறு 1 என்ற எண்ணுடன் தனிச் சூழலாக அமைந்து, அருகிலுள்ள கூறு 2 என்ற எண்ணைப் பெற்றிருந்தால், தரைத்தள வீட்டின் பரணில் வைத்த பொருள் முதல் மாடியின் தரைக்குக் கீழேயே இருப்பதுபோல, அந்தப் பெட்டி அடியிலேயே தங்கிவிடும்.

புதிய சூழல் எப்போது பிறக்கிறது என்பதில்தான் உலாவிகள் வேறுபட்டன. இடம் குறிக்கப்பட்ட கூறுக்கு எண் தரப்படாவிட்டால் அது புதிய சூழலைத் தோற்றுவிக்கக் கூடாது என்று தரம் கூறியிருக்க, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 6, 7ஆம் பதிப்புகள் அங்கே 0 இருப்பதாகக் கொண்டு தனிச் சூழலை உருவாக்கியதால், தரத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட பட்டியல்கள் அடுத்துவந்த கூறுகளுக்குக் கீழே மறைந்தன. 2009இல் வந்த 8ஆம் பதிப்பில்தான் இது திருந்தியது. 6ஆம் பதிப்பில் படிவங்களின் தெரிவுப்பெட்டி எந்த எண்ணுக்கும் கட்டுப்படாமல் எல்லாவற்றுக்கும் மேலே நின்றதால், அதை மறைப்பதற்காகவே, பக்கத்துக்குள் மற்றொரு பக்கத்தைக் காட்டும் சட்டகமான ஐஃப்ரேம் ஒன்றை வெற்றாகப் பட்டியலுக்கு அடியில் செருக வேண்டியிருந்தது. ஃபயர்பாக்ஸும் விலக்கல்ல, அதன் 2ஆம் பதிப்பு, எதிர்ம எண் பெற்ற கூறுகளைச் சூழலின் பின்னணிக்கும் பின்னால் தள்ளியது.

இதற்காக உலாவிகளை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. எதை முதலில் வரைந்து எதை அதன்மேல் வரைய வேண்டும் என்பதைப் படிப்படியாக விளக்கும் பின்னிணைப்பைக் கொண்ட 2.1ஆம் பதிப்பு, 2011 ஜூனில்தான் இறுதிப் பரிந்துரையானது. தரம் உலாவியைப் பின்தொடர்ந்ததும் உண்டு: திரையில் நிலையாக நிற்கும் கூறுகளைக் கைபேசி உலாவிகள், உருட்டல் தடையின்றி நிகழ்வதற்காக, தனிச் சூழல்களாகக் கையாண்டன, 2012இல் குரோம் 22 கணினியிலும் அந்த வழக்கத்தைக் கைக்கொண்டது, பின்னர் அதுவே தரத்தில் விதியாக ஏற்கப்பட்டது.

எண்களின் போட்டியிலிருந்து உரையாடல் பெட்டிகளை முற்றிலும் விடுவிப்பதே சரியான தீர்வு. 'டயலாக்' என்னும் கூறு அதைச் செய்கிறது. பக்கத்தின் மற்ற பகுதிகளைத் தடுத்து நிற்கும் முறையில் திறக்கப்படும்போது அது எல்லாச் சூழல்களுக்கும் மேலான 'உச்ச அடுக்கு' ஒன்றில் வைக்கப்படுகிறது. 2014இல் குரோமும் 2022 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் இதை ஏற்றன. அந்த அடுக்கில் இசட்-இண்டெக்ஸ் செல்லாது, கடைசியாகத் திறந்த பெட்டியே மேலே நிற்கும்.