சத்தத்தைக் கூட்ட வேண்டாம், இரைச்சலைக் குறையுங்கள்

விளையாட்டு மேசை – 9

பதுளையிலிருந்து இறங்கி வரும் ஏ-5 வீதி, மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் வந்து சேரும் இடம் செங்கலடி. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகம். இந்தச் சுற்றுவட்டார வீடுகளிலும் மாணவர்களின் வாடகை அறைகளிலும் பகலில் பாடக்குறிப்புக்குத் திறக்கிற லப்டொப்பிலேதான் இரவில் வலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற சுடும் விளையாட்டுகளும் ஓடுகின்றன. சென்ற வாரம் ஹெட்செட் தெரிவு பற்றி எழுதினேன். அதை வாங்கிய பின் வருகிற முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணன், சத்தம் காணாது. அம்ப்ளிபயர் ஒண்டு வேணும்.”

அவர்களில் பெரும்பாலானோருக்கு அம்ப்ளிபயர் தேவையில்லை. காசு கொடுக்க முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த வாரக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. விளையாட்டு ஹெட்செட்டுகளில் அனேகமானவற்றின் மின்தடை 32 ஓம் அளவில் இருக்கிறது. ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 போன்றவை 60 ஓம். 32 ஓம் ஹெட்செட் ஒன்று, ஒரு மில்லிவாட் மின்வலுவுக்கு 100 டெசிபெல் ஒலி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை வோல்ட் மட்டும் கொடுத்தால் அதற்குப் போகும் வலு ஏறக்குறைய 8 மில்லிவாட். காதுக்கு வருவது 109 டெசிபெல். அது காதைப் பழுதாக்கும் அளவு. ஒழுங்காக வேலை செய்யும் எந்த லப்டொப்பும் இந்த அரை வோல்ட்டைத் தரக்கூடியதுதான். அம்ப்ளிபயரின் தேவை உண்மையில் வருவது பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகை போன்ற ஸ்டூடியோ ஹெட்போன்களுக்கு. விளையாட்டுக்கென விற்கிற ஹெட்செட்டுகள் அந்த இனம் அல்ல.

அப்படியானால் சத்தம் ஏன் காணாமல் போகிறது? பல வேளைகளில் காரணம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. நண்பர்களோடு குரல் அழைப்பு தொடங்கியதும் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும்படி விண்டோஸ் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கிறது. ஒலி அமைப்பில் ‘கொம்யூனிகேஷன்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து, ‘ஒன்றும் செய்யாதே’ என்ற தெரிவை அமர்த்துங்கள். அழைப்பில் இருக்கும்போது மட்டும் விளையாட்டில் எதிரியின் காலடிச் சத்தம் கேட்காமல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே மருந்து. செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் பிளக். போனுக்கும் லப்டொப்புக்கும் செய்த ஹெட்செட்டின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும்: இடக்காது, வலக்காது, ஏர்த், மைக் என நான்கு தொடுகைகள். பழைய மேசைக் கொம்பியூட்டரில் பச்சைத் துளையும் இளஞ்சிவப்புத் துளையும் தனித்தனி. பச்சையில் மட்டும் செருகினால் மைக் வேலை செய்யாது. சில பழைய கருவிகளில் ஏர்த்தும் மைக்கும் இடம் மாறியிருக்கும். அப்போது பாட்டில் பாடகரின் குரல் மறைந்து, பின்னணி இசை மட்டும் குகைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். பிளக்கை முழுதாக உள்ளே தள்ளாவிட்டாலும் இதே கோளாறுதான். ஹெட்செட் பழுது என்று எறிய முன் பிளக்கைப் பாருங்கள். ஒற்றைப் பிளக்கை இரண்டாகப் பிரிக்கும் வயர் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும். வாவியும் கடலும் சூழ்ந்த எங்கள் பகுதியின் உப்புக்காற்றில் பிளக்கின் உலோகம் மங்கிக் கருக்கும். அதனால் வரும் கரகரப்பை ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்தே போக்கிவிடலாம்.

மூன்றாவது காரணம் இரைச்சல். சத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் இரைச்சலும் சேர்ந்து கூடுவதால் தூரத்துக் காலடி அதற்குள் அமிழ்ந்துபோகிறது. இந்த இடத்தில் அம்ப்ளிபயர் வாங்கினால் அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாலை நேரம் போதும்.

ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு எதையும் ஓடவிடாமல் சத்தத்தை முக்கால்வாசிக்குக் கூட்டுங்கள். லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். ‘ம்ம்ம்’ என்ற முனகல் அந்த நொடியே நின்றால் குற்றம் மின்வழியில். அடுத்து மின்விசிறியை நிறுத்துங்கள். சில மின்னணு ரெகுலேட்டர்கள் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் ‘கிர்ர்’ என்ற ஒலி எழும். விசிறி நிற்க அதுவும் நிற்கும். மேசைக் கொம்பியூட்டர் என்றால் முன்புறத் துளையிலிருந்து கழற்றி, பெட்டியின் பின்புறத் துளையில் செருகிப் பாருங்கள். முன்புறத்துக்கு வரும் மெல்லிய வயர் கிராபிக்ஸ் கார்டின் அருகால் ஓடி அதன் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். மவுஸை அசைக்கும்போது காதில் ஒரு கீச்சொலி கூடவே அசைந்தால் அது இந்த வகை.

சார்ஜரைக் கழற்ற முனகல் நிற்கும் வீடுகளுக்கு ஒரு விசேட வேண்டுகோள். சதுரத் துளைச் சொக்கற்றின் மேல்துளையைப் பேனையால் குத்தித் திறந்து, இரண்டு கம்பிப் பிளக்கைச் செருகும் பழக்கம் எங்களிடம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்யும்போது ஏர்த் இணைப்பே இல்லாமல் போகிறது. கொம்பியூட்டர்ப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் விரலில் ஒரு சுள்ளென்ற உணர்வு வருமானால், பெட்டியில் மின்கசிவு தேங்கி நிற்கிறது என்று பொருள். இதற்குத் தீர்வென்று சிலர் வாங்க நினைக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டும் (கொம்பியூட்டரின் ஒலிச் சில்லுக்குப் பதிலாக வெளியே செருகும் கருவி) அதே பெட்டியின் ஏர்த்தைத்தான் பகிர்வதால் அந்த முனகலை அது தீர்க்காது. கார்டுக்கு ஒதுக்கிய காசை வயரிங் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்து ஏர்த்தைச் சரிபார்ப்பது உயிருக்கும் நல்லது, காதுக்கும் நல்லது.

இவ்வளவும் பார்த்த பின்னும் கரகரப்பு நிற்கவில்லை, அல்லது மைக் துளை செத்துவிட்டது என்றால் சவுண்ட் கார்ட் வாங்குவது நியாயம். இந்தப் பொருள் பரவியதில் விளையாட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1981இல் சிம் வொங் ஹூ சிங்கப்பூரின் சைனாடவுனில் ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடையாகத்தான் கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1989இல் வந்த அவர்களின் சவுண்ட் பிளாஸ்டர், இசையோடு பதிவுசெய்த குரலையும் ஒலிக்கவிட்டது. ஜாய்ஸ்டிக் செருகும் துளையும் அதிலேயே இருந்தது. பிறகு இன்டெல் 1997இலும் 2004இலும் வகுத்த தரங்களால் ஒலிச் சில்லு மதர்போர்டிலேயே ஏறிக்கொண்டது. அன்று கட்டாயமாக இருந்த கார்ட், இன்று கோளாறு உள்ள இடத்துக்கு மட்டுமான மாற்றுவழி.

மலிவில் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, ‘7.1’ (சுற்றொலி) என்று அச்சிட்ட விரலளவு யூஎஸ்பி கார்டுகள். பலவற்றுக்குள் இருப்பது சி-மீடியாவின் சிஎம்108 சில்லு அல்லது அதன் நகல். அது இரண்டு பக்க ஒலி மட்டுமே தரும், 7.1 என்பது மென்பொருள் வித்தை. பழுதான மைக் துளைக்கு மாற்றாக இது உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாவது, டைப்-சி டொங்கிள். ஆப்பிள் 9 டொலருக்கு விற்கும் சிறு வயரின் ஒலி, அதைப் போல் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளுக்கு ஈடுகொடுக்கும்; மைக்கும் வேலை செய்யும். ஆனால் போலிகள் மலிந்திருக்கின்றன, சில அண்ட்ரொயிட் போன்களில் சத்தம் குறைவாகவும் வரும். வேறு டொங்கிள் வாங்கினால் மைக் ஆதரவு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பாட்டுக் கேட்க மட்டும் செய்தவையும் இருக்கின்றன. மூன்றாவது, சவுண்ட் பிளாஸ்டர் ப்ளே 3 போன்ற, மைக்குக்குத் தனித் துளை உள்ள கார்டுகள். இரண்டு பிளக் உள்ள ஹெட்செட்டுக்கு இதுவே பொருத்தம்.

விலையையும் நிதானமாகப் பாருங்கள். டொலர் 200 ரூபாவாக இருந்தபோது 9 டொலர் 1,800 ரூபா. 2022 நெருக்கடியில் டொலர் 360ஐத் தொட்டபோது அது 3,240 ஆனது. 300 ரூபா என்று பிடித்தாலும் 2,700. அதன் மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரி, கூரியர் செலவு. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ ஒன்லைனிலோ வாங்கினாலும், மட்டக்களப்பு நகரக் கடையில் வாங்கினாலும், ஹெட்செட்டின் விலையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கார்டுக்குச் செலவிடாதீர்கள். அதைவிடக் கூடுதலாகக் காசிருந்தால் நல்ல ஹெட்செட்டுக்குக் கொடுங்கள். யூஎஸ்பி பிளக் அல்லது வயர்லெஸ் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் எதையும் வாங்க வேண்டாம். அவற்றுக்குள்ளேயே ஒரு சவுண்ட் கார்ட் இருக்கிறது.

வாங்கிய பின் ஒரு வேலை: விளையாட்டுக்குள் ஒலி வரும் திசையைக் காட்டும் ‘எச்ஆர்டிஎஃப்’ என்ற தெரிவு இருந்தால் அதைப் போட்டு, கார்டின் 7.1ஐ நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் எதிரி எந்தப் பக்கம் என்பதே குழம்பிப்போகும்.

இரைச்சல் அடங்கியதும் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்; முன்பு கேட்காத காலடி இப்போது கேட்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் வாரம் முழுவதற்கும் ஏறக்குறைய 20 நிமிடம்தான். கெட்டுப்போன கார்டை மாற்றலாம். இரைச்சலில் அழிந்த செவி நரம்பணு திரும்ப முளைப்பதில்லை. வீட்டில் பிள்ளைக்கு ஹெட்செட் வாங்கிக் கொடுக்கிற பெற்றோர், வாங்கிய அன்றே பக்கத்தில் இருந்து சத்தத்தின் எல்லையைக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: மின்விசிறி ஓடும் அறையில் மைக்கை எங்கே வைப்பது?)