எண்ணியல் பலகை அளவிகளுக்குத் தனித்த மின்வழங்கல்: பொதுமுனையை முன்வைத்து ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: பலகை அளவி, பொதுமுனை, தனித்த மின்வழங்கல், ஷண்ட், மின்காப்பு

முன்னுரை

ஆய்வகக் கருவிகளில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இலக்கங்களாகக் காட்டும் பேனல் மீட்டர்கள், அதாவது எண்ணியல் பலகை அளவிகள், விலை மலிந்தவை, பொருத்துவதற்கும் எளியவை. இவற்றுள் பலவற்றுக்குத் தனித்த 9 வோல்ட் வழங்கல் தேவை. கருவியிலேயே 9 வோல்ட் இருக்கும்போது மற்றொன்று எதற்கு என்னும் ஐயம் இயல்பாக எழும். இத்தேவை மின்சாரத்தின் அளவையோ தூய்மையையோ பற்றியதன்று. அளவியின் சுழிநிலை எப்புள்ளியில் நிற்கிறது என்பதைப் பற்றியதாகும்.

பொதுமுனையின் இயல்பு

இவ்வகை அளவிகளின் உள்ளே பெரும்பாலும் அமைந்திருப்பது ஐசிஎல்7106 என்னும் தொகுப்புச் சுற்றோ அதன் வழிவந்த ஒன்றோ ஆகும். இது பொதுவாக 199.9 மில்லிவோல்ட் வரை காட்டுமாறு அமைக்கப்படுகிறது. இதன் ‘காமன்’ எனப்படும் பொதுமுனை, வழங்கலின் நேர்முனையைவிட ஏறத்தாழ 2.8 வோல்ட் தாழ்வாகத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஒப்பீட்டு மின்னழுத்தமான 100 மில்லிவோல்ட் இந்த 2.8 வோல்ட்டிலிருந்தே பகுத்தெடுக்கப்படுகிறது. மலிவான அளவிகளில் உள்ளீட்டின் தாழ்முனையும் பொதுமுனையோடு பலகையிலேயே இணைக்கப்பட்டிருக்கும். எனவே 9 வோல்ட் ஊட்டிய நிலையில், தாழ்முனை வழங்கலின் எதிர்முனைக்கு 6.2 வோல்ட் மேலே நிற்கும்.

அளவிக்கு ஊட்டும் மின்கலத்தையே அளக்க முற்பட்டால், தாழ்முனை எதிர்முனையோடு சேர்ந்துவிடும். பொதுமுனை மின்னோட்டத்தை உள்வாங்குவதில் வல்லது, வெளிவிடுவதிலோ மிக மெலிந்தது. ஆகவே எதிர்ப்பின்றிக் கீழிறங்கும். 2.8 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 9 வோல்ட் வருவதால் ஒப்பீட்டு மின்னழுத்தம் மும்மடங்குக்கு மேல் உயர்கிறது. காட்டப்படும் எண் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்க வேண்டும். உள்ளீடு எதிர்முனைக்கு 1 வோல்ட்டாவது மேலே இருந்தாக வேண்டும் என்னும் வரம்பும் மீறப்படுவதால், அச்சுருங்கிய எண்ணையும் நம்ப இயலாது.

இரண்டு அளவிகள், ஒரு வழங்கல்

பெரும்பிழை நேர்வது இங்கேதான். 30 வோல்ட் தரும் ஆய்வக மின்வழங்கி ஒன்றில் மின்னழுத்த அளவியின் தாழ்முனை வெளியீட்டின் எதிர்முனையிலும், மின்னோட்ட அளவியின் தாழ்முனை நேர்க்கம்பியில் உள்ள ஷண்டிலும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் ஒரே தனித்த வழங்கலை அளித்தால் அது தனித்ததாகவே தோன்றும். ஆனால் இரு பொதுமுனைகளும் ஒரே நேர்முனைக்குக் கீழே ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்க முயல, வெளிச்சுற்றோ அவற்றை 30 வோல்ட் விலக்கி நிறுத்துகிறது. அவ்வேறுபாடு தொகுப்புச் சுற்றுகளின் உள்வழியே பாய்கிறது. சுற்றே அழியவும் கூடும். ஆகவே வழங்கல்களின் எண்ணிக்கை, தாழ்முனைகள் நிற்கும் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

ஷண்டை எதிர்க்கம்பிக்கு மாற்றி, இரு தாழ்முனைகளையும் அதன் சுமைப்பக்க முனையில் சேர்த்தால் ஒரே வழங்கல் போதும். மின்னோட்டம் அப்போது கழித்தல் குறியுடன் தோன்றும். அக்குறிக்குரிய இணைப்பை விட்டுவிடலாம். இரு பொதுமுனைகளும் துல்லியமாக ஒத்திரா. தாழ்ந்தது மற்றதைத் தன் நிலைக்கு இழுக்கும். எனவே அளவுதிருத்தத்தை இணைத்த பின்னரே செய்ய வேண்டும்.

வழங்கலைத் தேர்தல்

அளவி ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியரே உட்கொள்வதால் 9 வோல்ட் மின்கலம் ஒன்றே எளிய விடை. மின்மாற்றியில் தனித் துணைச்சுருள் அமைப்பது நிலையான விடை. நேர்மின்னோட்ட மாற்றிச் சிற்றலகுகளும் பயன்படும். ஆயினும் அவற்றின் மேல் அச்சிட்ட 1000 வோல்ட் என்பது பெரும்பாலும் சிறுபொழுதுச் சோதனை அளவே, இடைவிடாது தாங்கும் அளவன்று. ஐசிஎல்7660 கொண்டு எதிர் மின்னழுத்தம் ஆக்குவதையும் தனிமைப்படுத்தல் எனச் சிலர் கருதுவர். அது தாழ்முனையை வழங்கலின் இடையில் நிறுத்த உதவும். தாழ்முனையைப் பொதுமுனையிலிருந்து பிரித்தால்தான் அதுவும் பயன்படும். மின்காப்பு அதில் இல்லை.

230 வோல்ட் மாறுமின்னோட்டக் கம்பியில் அமைந்த ஷண்டை அளக்கும்போது உச்சம் 325 வோல்ட்டைத் தொடும். தனித்த வழங்கல் அந்நிலையில் அளவியைக் காக்கிறது. ஆனால் அளவியின் மின்கலமும் அதன் கம்பிகளும் மின்தடக் கம்பியின் மின்னழுத்தத்திலேயே நிற்கின்றன. மின்கலத்தை மாற்றும் முன் முதன்மை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மின்கலப் பெட்டி கருவியின் மூடிக்குள்ளேயே இருக்க வேண்டும்.