கொதிகலனும் ஊட்டுநீரும்: அபாயமும் சிக்கனமும்

நெசவாளர் சங்கங்களின் சாயச்சாலைகளிலும் விவசாயிகள் சங்கங்கள் நடத்தும் புழுங்கல் அரிசி ஆலைகளிலும் செலவுக் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு, சரக்குக்கும் கூலிக்கும் அடுத்தபடியாகக் கண்ணில் படுவது எரிபொருள் செலவே ஆகும். விறகு, உமி, எண்ணெய் என்று பெயர் மாறினாலும் அச்செலவு போய்ச் சேரும் இடம் கொதிகலனின் அடுப்பு. எடைச்சீட்டும் பற்றுச்சீட்டும் ஒத்திருந்தால் தணிக்கை முடிந்துவிடுகிறது. வாங்கிய விறகில் எவ்வளவு நீராவியாயிற்று, எவ்வளவு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போயிற்று என்பதை எந்தச் சீட்டும் சொல்லாது.

கொதிகலன் ஆய்வாளர் வேறு, கூட்டுறவு ஆய்வாளர் வேறு. முன்னவருடைய சான்றிதழுக்கு ஈடாகப் பின்னவர் எதையும் எழுதித் தர இயலாது. ஆயினும் கொதிகலன் சங்கத்தின் சொத்து. அதனருகே நின்று உழைப்பவர்கள் சங்கத்தின் அங்கத்தினர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ஆகவே அதன் அபாயம் எங்கே இருக்கிறது, சிக்கனம் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் நிர்வாகக் குழுவினர் மட்டுமன்றி அங்கத்தினர் யாவரும் அறிந்திருப்பது நலம். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில், அதாவது கொதிகலனுக்குள் நாம் செலுத்தும் தண்ணீரில்தான் இருக்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அபாயத்தைப் பார்ப்போம். வெடிப்பது நீராவி என்று பொதுவாகச் சொல்லுகிறோம். ஆனால் பெரிய ஆற்றல் அடைபட்டுக் கிடப்பது நீராவியைவிட அதன் கீழேயுள்ள தண்ணீரில்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் இயங்கும் கொதிகலனுக்குள் அதே தண்ணீர் ஏறத்தாழ 170 டிகிரி வரை சூடேறித் தண்ணீராகவே நிற்கிறது. அழுத்தமே அதை அடக்கி வைத்திருக்கிறது. தகடு ஓரிடத்தில் கிழிந்து அழுத்தம் திடீரென்று இறங்கினால், அந்தத் தண்ணீரில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானது நொடிப்பொழுதில் ஆவியாக மாறிவிடும். 1,000 லிட்டர் கொள்ளும் சிறிய கலம் என்று வைத்துக்கொண்டாலும், வெளிவரும் ஆவி 200 கன மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். நீளம் பத்து மீட்டர், அகலம் ஏழு மீட்டர், உயரம் மூன்று மீட்டர் உள்ள ஒரு கூடம் கொள்ளக்கூடிய அளவு அது. கூரையும் சுவரும் பறப்பதில் வியப்பில்லை.

1905ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பழைய கொதிகலன் வெடித்தது. கட்டடம் சரிந்து தீப்பற்றியதில் 58 பேர் மாண்டனர். கொதிகலன் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று அம்மாநிலம் 1907இல் விதிகள் வகுத்ததற்கு அதுவே காரணமாயிற்று. நம் நாட்டிலும் கல்கத்தாவில் 1863இல் நிகழ்ந்த வெடிப்புக்குப் பிறகே, 1864இல் வங்காளத்தில் முதற் சட்டம் வந்தது. விபத்து முன்னே, சட்டம் பின்னே என்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் போலும்!

தகடு ஏன் கிழிகிறது? அழுத்தம் அளவு கடந்து ஏறுவது ஒரு காரணம். அதைத் தடுக்கப் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. ‘ஆவி வீணாகிறது’ என்று அதன்மீது கூடுதல் எடையை ஏற்றுவதும், கம்பியால் கட்டி வைப்பதும், திருகை இறுக்குவதும் கொலைக்கு ஒப்பான செயல்கள். இதைப் பற்றி மேலும் எழுத வேண்டுவதில்லை.

இரண்டாவது காரணமே அன்றாடம் நேரக்கூடியது; அதுதான் தண்ணீர் மட்டம் குறைதல். நெருப்புப் படும் தகட்டின் மறுபுறம் தண்ணீர் இருக்கும் வரையில், உஷ்ணத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு தகட்டைக் காப்பாற்றுகிறது. தண்ணீர் விலகினால் தகடு செந்தணலாகப் பழுத்து வலுவிழந்து உப்பிவிடும். பிறகு சாதாரண அழுத்தமே அதைக் கிழித்துவிடப் போதும். 1803இல் லண்டனுக்கு அருகிலுள்ள கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக் என்பாரின் கொதிகலன் ஒன்று வெடித்தது. அதன்பின் அவர் நெருப்புப் படும் தகட்டில் துளையிட்டு, ஈயத்தால் அடைத்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, ஆவி அடுப்பில் பாய்ந்து எச்சரிக்கும். இன்றைய கொதிகலன்களிலும் உருகும் அடைப்பான் என்ற பெயரில் அது இருந்து வருகிறது. இப்போது மட்டம் குறைந்தால் பம்பைத் தானே ஓடச் செய்யவும், அடுப்பைத் தானே நிறுத்தவும் மின்கருவிகள் உள்ளன. ஆனால் அக்கருவியின் முனையில் சுண்ணாம்பு படிந்தால் அதுவும் பொய் சொல்லும். ஆதலால் மட்டக் கண்ணாடியின் குழாய்களைத் திறந்து ஊதிப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு முறைமாற்றத்தின்போதும் இருந்தே தீர வேண்டும்.

கண்ணாடியில் தண்ணீர் அறவே தெரியவில்லை என்றால் என்ன செய்வது? பதற்றத்தில் உடனே பம்பை ஓட்டத் தோன்றும். அதைச் செய்யலாகாது. பழுத்த தகட்டின்மேல் தண்ணீர் பட்டால் ஒரேயடியாக ஆவி பொங்கும், தகடும் வெடிக்கும். விறகு போடுவதையும் காற்று விசிறியையும் நிறுத்த வேண்டும். நெருப்பை ஈரச் சாம்பலாலோ மணலாலோ மூட வேண்டும். வால்வுகளைத் திடீரென்று திறக்காமல், ஆட்களை விலக்கி, கலம் தானே ஆறும்படி விட வேண்டும். பிறகு தகுதியுடையவர் பார்த்த பின்னரே மீண்டும் நெருப்பிடலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அனுபவமுள்ள இயக்குநர் இருக்கும்போது மட்டம் ஏன் குறைகிறது? சாயச்சாலையில் சில நாழிகை நின்று பார்த்தால் விடை கிடைக்கும். சிட்டா நூல் தொட்டியில் இருக்கிறது. சாயம் ஏற வேண்டிய நேரம். ‘ஆவி போதவில்லை’ என்று சாயக்காரர் குரல் கொடுக்கிறார். அந்த நேரத்தில் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக உள்ளே செலுத்தினால் அழுத்தமானியின் முள் இறங்கிவிடும். ஆகவே இயக்குநர், ‘இந்தத் தொட்டி முடியட்டும், பிறகு தண்ணீர் விடலாம்’ என்று தள்ளிப்போடுகிறார். இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. வேலை நிற்கக்கூடாது என்ற அக்கறையே அவரை அவ்வாறு செய்விக்கிறது. பச்சைத் தண்ணீரை ஊட்டும் கொதிகலன் தன் இயக்குநரை நாள்தோறும் இந்தச் சோதனைக்கு ஆளாக்குகிறது. ஊட்டுநீர் 80 அல்லது 90 டிகிரியில் இருந்தால் முள் அவ்வளவாக இறங்காது. தண்ணீர் விடுவதைத் தள்ளிப்போடும் அவசியமும் அவருக்கு ஏற்படாது.

வெந்நீரால் தகட்டுக்கும் நன்மையுண்டு. 170 டிகிரியில் விரிந்திருக்கும் இரும்பின் அருகே 30 டிகிரித் தண்ணீர் பாய்ந்தால், அந்த இடம் மட்டும் சுருங்கும். நாளடைவில் குழாய்களின் பொருத்துவாய்கள் கசியத் தொடங்கும். மேலும், தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயு இரும்பை அம்மைத் தழும்புபோல் அரிக்கிறது. 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயு கரைந்திருக்கும். திறந்த தொட்டியில் 90 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 2 மில்லிகிராமுக்கும் கீழே வந்துவிடும்.

இனிச் சிக்கனத்தின் கணக்கு. 7 கிலோ அழுத்தத்தில் ஒரு கிலோ நீராவியில் ஏறத்தாழ 660 கிலோகலோரி உஷ்ணம் உண்டு. ஊட்டுநீர் 30 டிகிரியில் இருந்தால் அடுப்பு தர வேண்டியது 630. 90 டிகிரியில் இருந்தால் 570. மிச்சம் 60. நூற்றுக்கு ஒன்பதரை வீதம் எரிபொருள் குறைகிறது. ஊட்டுநீர் 6 டிகிரி உயர்ந்தால் நூற்றுக்கு ஒன்று மிச்சம் என்று பொறியாளர்கள் சொல்லும் கணக்கு இதுவே. ஆண்டுக்கு 100 டன் விறகு எரிக்கும் சங்கத்துக்கு ஒன்பதரை டன் மீதியாகும். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த உஷ்ணம் வீணாகப் போய்க்கொண்டிருந்த உஷ்ணமாக இருக்க வேண்டும். தனியடுப்பு மூட்டித் தண்ணீரைச் சூடாக்கினால் லாபமில்லை. கொதிகலனின் சொந்த ஆவியையே தொட்டிக்குள் விட்டுச் சூடாக்குவதும் அப்படித்தான். தகட்டுக்கு நலம் உண்டு, விறகில் மிச்சம் இராது. சில கருவி விற்பனையாளர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதுண்டு.

வீணாகும் உஷ்ணம் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, திரும்பும் வெந்நீர். தொட்டியின் சுருள் குழாயிலோ உலர்த்தும் உருளையிலோ ஆவி தன் உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிறது. பல இடங்களில் அது சாக்கடைக்குப் போகிறது. பாதியளவு 90 டிகிரியில் திரும்பி வந்து, 30 டிகிரிப் புதுநீருடன் கலந்தாலே ஊட்டுநீர் 60 டிகிரியாகும். நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவான மிச்சம். மேலும் அது உப்பில்லாத தண்ணீர். நம் பக்கத்துக் கிணறுகளின் கடினநீரைக் காய்ச்சிக் காய்ச்சித் தகட்டில் சுண்ணாம்பு படிய வைப்பவர்களுக்கு, அதன் மதிப்பு உஷ்ணத்தின் மதிப்பைவிட அதிகம்.

நெல் அவிக்கும் ஆலையில் இவ்வழி இல்லை. அங்கே ஆவி நேராக நெல்லுக்குள் பாய்ந்துவிடுகிறது. திரும்பி வருவது ஒன்றுமில்லை. அங்கே புகையைத்தான் நாட வேண்டும். புகைபோக்கிக்குப் போகும் வழியில் குழாய்களை நிறுத்தி, அவற்றின் வழியே ஊட்டுநீரைச் செலுத்தும் ‘எகனாமைசர்’ என்ற சாதனத்துக்கு, இங்கிலாந்தில் வேக்ஃபீல்டைச் சேர்ந்த எட்வர்டு கிரீன் 1845இல் காப்புரிமை பெற்றார். குழாய்களில் புகைக்கரி படிந்தால் உஷ்ணம் உள்ளே போகாது. அதனால் அவற்றைச் சுரண்டிக்கொண்டே மேலும் கீழும் நகரும் கத்திகளையும் அவர் அமைத்தார். உமிச்சாம்பல் பறக்கும் நமது ஆலைகளில் அந்தச் சுரண்டல் இன்னும் அதிகம் தேவை.

வெந்நீரை ஏற்பாடு செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெந்நீரைப் பம்பு உறிஞ்ச முயன்றால் அது உறிஞ்சுகுழாயிலேயே ஆவியாகிவிடும். பம்பு ஓடும், தண்ணீர் ஏறாது. இது பச்சைத் தண்ணீரைவிடப் பெரிய அபாயம். எனவே ஊட்டுநீர்த் தொட்டியைப் பம்புக்கு மேலே பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் வைத்துத் தண்ணீர் தன் எடையால் இறங்கி வரும்படி செய்ய வேண்டும். இன்ஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வெந்நீர் உதவாது. அக்கருவி குளிர்ந்த நீரைக் கொண்டே வேலை செய்வது. சாயத் தொட்டியின் சுருளில் ஊசித்துளை விழுந்தால் திரும்பும் நீரில் சாயமும் உப்பும் கலந்துவிடும். அதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். நிறம் தெரிந்தால், எவ்வளவு சூடாக இருந்தாலும் வெளியே விட்டுவிட வேண்டும். எகனாமைசரும் அழுத்தம் தாங்கும் கலமே. அதற்குத் தனிப் பாதுகாப்பு வால்வு வேண்டும். சட்டப்படி அதையும் பதிவு செய்ய வேண்டும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் பழைய குழாய்களைக் கொண்டு மலிவாகச் செய்து தருவதாகச் சொல்வோருக்கு நிர்வாகக் குழு இணங்கலாகாது. எண்ணெய்ப் பீப்பாயை அடைத்து ஆவிக்கலமாக்கி நெல் அவிப்பவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டம் வந்துள்ளது. பழைய சட்டம் போய்விட்டதால் ஆய்வும் போய்விட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பதிவு, பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத சான்றிதழ், தகுதிச் சான்று பெற்ற இயக்குநர் ஆகியவை முன்போலவே தேவை. 25 லிட்டருக்குக் குறைந்த கலத்துக்குச் சட்டம் இல்லை என்பது உண்மையே. ஆனால் சட்டம் இல்லாத கலத்திலும் தண்ணீர் 170 டிகிரிக்குச் சூடேறும்.

செலவுக்கு அஞ்சும் சங்கங்கள் உடனே எகனாமைசர் வாங்க வேண்டும் என்பதில்லை. முதலில் ஊட்டுநீர்த் தொட்டியில் ஓர் உஷ்ணமானியைப் பொருத்தலாம். கொதிகலன் நாட்குறிப்பில் அழுத்தம், நீர்மட்டம், எரித்த விறகின் எடை ஆகிய பத்திகளோடு ஊட்டுநீரின் உஷ்ணத்துக்கும் ஒரு பத்தி சேர்க்கலாம். சாக்கடைக்குப் போகும் வெந்நீரைத் தொட்டிக்குத் திருப்பி, குழாயின்மீது உஷ்ணம் கசியாதபடி உறை சுற்றி, மூன்று மாதம் எழுதி வந்தால், அடுத்த பொதுக்குழுவில் விறகுக் கணக்கை வாசிக்கும்போது அந்தப் பத்தியையும் சேர்த்து வாசிக்கலாம்.